வெள்ளைக் கோடு

ப்ரிண்ட்ல கோடு விழுந்தா முதல்ல என்ன செய்வீங்க? மெஷினை ஒரு தட்டு தட்டுவீங்கன்னா நீங்க என்னை விட பரவாயில்லை. நான் ஹெட் க்ளீனிங் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

போன செமஸ்டர் லீவுல திண்டுக்கல்ல மாமாவோட ஃப்ளெக்ஸ் கடையில இருந்தேன். 10 அடி அகல சால்வென்ட் மெஷின். ஒரு ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் வந்தார். அம்மா தவறிட்டாங்க, விடியுறதுக்குள்ள 10க்கு 8 கண்ணீர் அஞ்சலி பேனர் வேணும். மாமா சாப்பிடப் போயிருந்தார். "நான் பாத்துக்குறேன்"னு பெருமையா ப்ரிண்ட் போட்டேன்.

அந்தம்மா நெத்தியில ஆரம்பிச்சு ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. வாசப்படியில உக்காந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, முகத்துல ஏதோ கோடு மாதிரி..."

"காஞ்சா போயிடும்ணே."

போகாதுன்னு எனக்குத் தெரியும்.

நாசில்தான் அடைச்சிருக்கும்னு நானே முடிவு பண்ணி க்ளீனிங் மேல க்ளீனிங். மை வழிஞ்சுது, கோடு அப்படியே இருந்தது. மாமா வந்து ரெண்டே கேள்விதான் கேட்டார்.

"மாப்ள, கோடு ஒரு கலர்லயா, எல்லாத்துலயுமா?"

சேலை, மாலை, பின்னணி, எல்லாத்துலயும்.

"நாசில் டெஸ்ட் எடுத்தியா?"

எடுக்கலை. எடுத்தோம். நாலு கலர்லயும் ஒரு கோடு கூட விடுபடலை. மை சரியாத்தான் வருது.

விஷயம் இதுதான். ஹெட் குறுக்கே ஓடி ஒரு பட்டை அடிக்கும், ஃப்ளெக்ஸ் கொஞ்சம் நகரும், அடுத்த பட்டை. நகர்றது கூடினா ரெண்டு பட்டைக்கு நடுவுல இடைவெளி விழும், அது வெள்ளைக் கோடு. குறைஞ்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கறுப்புக் கோடு. கடையில இதை ஸ்டெப்னு சொல்வாங்க. மெட்டீரியல் மாறினா ஸ்டெப்பும் மாத்தணும், ஏன்னா மெல்லிசு ஃப்ளெக்ஸும் தடி ஃப்ளெக்ஸும் ஒரே மாதிரி இழுபடாது. ஹீட்டர் சூடு வேற அதை நீட்டும்.

"மத்தியானம் ரோல் மாத்துனது யாரு?"

நான்தான். மெல்லிசு ரோல். டெஸ்ட் பட்டை கூட அடிச்சுப் பாக்கலை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல எனக்கு 'ஓ' கிரேடு. அவுட்புட்டை அளந்து இன்புட்டைத் திருத்தணும்னு 13 மார்க்குக்கு படம் போட்டு எழுதினவன். எட்டாவது வரைக்கும் படிச்ச மாமா ஸ்டெப்பைக் கொஞ்சம் குறைச்சார், ஒரு சாண் அளவுக்கு அடிச்சார், கண்ணு கிட்ட வச்சுப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் குறைச்சார். மூணாவது தடவை கோடு இல்லை.

வீணான ஃப்ளெக்ஸை நாங்க வண்டி மூடத்தான் வச்சுக்குவோம். அதை மட்டும் மாமா முகம் உள்ளே வர்ற மாதிரி சுருட்டி பரண்ல போட்டார். என்னை ஒண்ணும் திட்டலை.

புது பேனரை விரிச்சுக் காட்டினேன். அவர் நெத்திகிட்ட விரல் வச்சுப் பார்த்துட்டுச் சொன்னார். "நீ சொன்ன மாதிரியே காஞ்சதும் போயிருச்சு தம்பி."

நான் தலையை ஆட்டினேன்.