தெரிந்ததையே கேட்பது

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு லினக்ஸ் வகையை இன்ஸ்டால் செய்ததும் டெர்மினலைத் திறந்து 'நியோஃபெட்ச்' என்று அடிப்பார்கள். இடப்பக்கம் எழுத்துகளாலேயே வரைந்த சின்னம் வரும். டெபியன் என்றால் ஒரு சுழி. வலப்பக்கம் கர்னல் எது, எத்தனை பேக்கேஜ், எவ்வளவு மெமரி, இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது. உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட். போட்டவரே அவர்தான், என்ன போட்டோம் என்று தெரியாமலா கேட்கிறார்? புது வீட்டுக்காரர் தெருவில் இறங்கி நின்று தன் பெயர்ப்பலகையைத் தானே படிப்பாரே, அந்த ரகம். நானும் அதே கூட்டம்தான்.

நியோஃபெட்சை எழுதிய டிலன் அராப்ஸ் 2020க்குப் பிறகு புதுப் பதிப்பு எதுவும் விடவில்லை. 2024 ஏப்ரலில் கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தையே பூட்டிவிட்டார். விவசாயத்துக்குப் போய்விட்டதாக ஒரு வரி மட்டும் எழுதிவைத்தார். கொடுத்துவைத்தவர். இப்போது பலரும் சி மொழியில் எழுதிய ஃபாஸ்ட்ஃபெட்சுக்கு மாறிவிட்டார்கள். பாஷ் ஸ்கிரிப்டான பழையதைவிட வேகம் அதிகம்.

சர்வரில் இந்த அலங்காரமெல்லாம் எதற்கு? அங்கே 'யூநேம் -ஆர்' போதும். படம் கிடையாது, ஒற்றை வரி. ஆனால் அது சொல்வது கர்னலைப் பற்றி மட்டுமே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உபுண்டு சர்வரில் டாக்கர் வழியாக ஒரு டெபியன் கண்டெய்னரை ஓடவிட்டு, உள்ளே போய்க் கேட்டுப் பாருங்கள். கர்னல் பதிப்பு வழக்கமாக 'ஜெனரிக்' என்று முடியும். அது உபுண்டுவின் முத்திரை. அங்கேயே 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பைத் திறந்தால் டெபியன் என்று இருக்கும். இரண்டுமே பொய்யில்லை. கண்டெய்னருக்கென்று தனிக் கர்னல் கிடையாது, வெளியே ஓடுகிற சர்வரின் கர்னலில்தான் அதன் பிழைப்பு. இது தெரியாமல் கர்னல் தொடர்பான கோளாறைக் கண்டெய்னருக்குள் தேடினால் பொழுது போவதுதான் மிச்சம்.

விண்டோஸ் இன்னும் வேடிக்கை. விண்டோஸ் 11இல் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'வெர்' என்று அடித்தால் பதில் 10.0 என்றுதான் தொடங்கும். அடுத்து வரும் பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11. அதனால் உறவினர் யாராவது போனில், "பத்துன்னுதாம்ப்பா காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று குமுறினால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அடுத்த எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள்.