கோட்டை மதிலுக்கு வெளியே

நாட்டிங்காம் ரயில் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். கால்வாயைத் தாண்டி மேற்கே திரும்பினால், ஊரின் நடுவே ஒரு மணற்பாறைக் குன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. ராபின் ஹூட் கதை படித்து வளர்ந்த எவரும் அதன் உச்சியில் ஷெரிஃப் வாழ்ந்த கோட்டையைத் தேடுவார்கள். அங்கே இருப்பதோ நீண்ட சன்னல்கள் கொண்ட ஒரு மாளிகை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1651-இல் பழைய கோட்டையை இடித்துவிட்டார்கள். பிறகு அதே இடத்தில் நியூகாசில் பிரபு தனக்கொரு அரண்மனை கட்டிக்கொண்டார். 1831-இல் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்த செய்தி வந்தபோது, நாட்டிங்காம் மக்கள் குன்றின் மேல் ஏறி அந்த அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெறும் கூடாக நின்ற கட்டடத்தைச் சீரமைத்து, 1878-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

நான் அங்கே போனது ராபின் ஹூட்டுக்காக மட்டும் அல்ல. இந்த ஊரில் 1909-இல் பிறந்த ஜெஃப்ரி டிரீஸ் என்ற எழுத்தாளருக்காகவும் போனேன். சிறுவர்களுக்கான வரலாற்று நாவலை ஆங்கிலத்தில் புதிய திசைக்குத் திருப்பியவர் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். கோட்டைக்கு அருகிலிருந்த ஒரு பழைய புத்தகக் கடையில் அவர் பெயரைச் சொன்னபோது, கடைக்காரர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ராபின் ஹூட் படம் போட்ட கோப்பையும் தொப்பியும் விற்காத கடை அந்தத் தெருவில் இல்லை. ராபினைப் புதிதாகப் படைத்த உள்ளூர்க்காரரின் பெயர்தான் எங்கும் காணவில்லை.

டிரீஸின் தந்தை மது வணிகர். மூன்று மகன்களில் இவர் கடைக்குட்டி. நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் படித்த அதே நாட்டிங்காம் உயர்நிலைப் பள்ளியில்தான் இவரும் படித்தார். கிரேக்கமும் லத்தீனும் படிக்க உதவித்தொகையோடு ஆக்ஸ்ஃபோர்டு போனவர், ஓராண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை செய்யப் போனார். பொருளாதார மந்தத்தில் இங்கிலாந்து வேலையின்றித் தவித்த காலம் அது. அப்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. சிறுவர்களின் வரலாற்றுக் கதைகளில் எப்போதும் பிரபு வீட்டுப் பையனே நாயகனாக வருகிறான். ஏர் உழுதவனின் பையன் எங்கே போனான்? 1934-இல் வெளிவந்த ‘போஸ் அகெயின்ஸ்ட் த பேரன்ஸ்’ என்ற ராபின் ஹூட் நாவல் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்.

அந்த நாவலின் களத்தைப் பார்க்க வடக்கே எட்வின்ஸ்டோவுக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டியிடம் டிரீஸைப் பற்றிச் சொன்னேன். பெயர் அவருக்கு நினைவில்லை. ‘கியூ ஃபார் டிரீசன்’ என்று நூலின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பள்ளியில் ஆசிரியை வகுப்பு முழுக்க வாசித்துக் காட்டிய கதை என்றார். பெண் வேடத்தில் நடிக்கும் பையன் உண்மையில் பெண்தான் என்று தெரியவந்த அன்று வகுப்பே கூச்சலிட்டதாம்.

1940-இல் வந்த அந்த நாவல் முதலாம் எலிசபெத் காலத்தில் நடக்கிறது. ஊர்ப் பொது நிலத்தை வளைத்துச் சுவர் எழுப்பும் ஒரு சீமானுக்கு எதிராகக் கம்பர்லாந்து உழவர்கள் இரவில் கிளம்புகிறார்கள். அவர்களோடு போன பீட்டர் என்ற பையனுக்கு ஊரைவிட்டு ஓட நேர்கிறது. நாடகக் குழுவில் சேர்கிறான். ஆண் வேடத்தில் ஒளிந்து வாழும் கிட் என்ற பெண் அவனுக்குத் தோழியாகிறாள். ஷேக்ஸ்பியரைச் சந்திக்கிறார்கள். அரசியைக் கொல்லும் சதி ஒன்று தெரியவருகிறது. துணிவிலும் அறிவிலும் கிட் பீட்டருக்கு ஒரு படி மேலே. பெண் பாத்திரம் பயந்து அலறக் காத்திருந்த அக்காலச் சாகசக் கதைகளில் இது பெரிய மாற்றம்.

எட்வின்ஸ்டோவில் ராபினும் மரியனும் மணந்துகொண்டதாகச் சொல்லப்படும் தேவாலயத்தைக் கடந்தால் ஷெர்வுட் காடு தொடங்குகிறது. பிர்ச் மரங்களின் ஊடாகப் பாதை போகிறது. உள்ளே வேலிக்கு நடுவில், கிளைகளுக்கு முட்டுக்கொடுக்கப்பட்டு நிற்கிறது மேஜர் ஓக் என்ற முதிய மரம். வயது எண்ணூறுக்குமேல் ஆயிரம்வரை சொல்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டிரீஸின் ராபின் ஹூட் நாவலில் வரும் டிக்கன் நினைவுக்கு வந்தான். பண்ணையடிமை வீட்டுப் பையன். அரசரின் மான் ஒன்றைக் கொன்றுவிட்டு, உயிருக்கு அஞ்சி இந்தக் காட்டுக்குள் ஓடிவருகிறவன்.

இன்று படிப்பவருக்கு மானைக் கொன்றதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். நார்மன் மன்னர்கள் கொண்டுவந்த வனச் சட்டம் அப்படிப்பட்டது. மான் அரசரின் சொத்து. அது உழவனின் பயிரில் மேய்ந்தாலும் அவன் அதன்மேல் கைவைக்க முடியாது. கிராமத்து நாய்கள் மானைத் துரத்தாதிருக்க அவற்றின் முன்னங்கால் நகங்களை வெட்டினார்கள். மான் வேட்டைக்காக ஒருவர் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று எழுதிவைக்க 1217-இன் வனச் சாசனம் வரவேண்டியிருந்தது. டிரீஸ் இதைப் பாடமாகச் சொல்லவில்லை. டிக்கனின் பயத்தை நமக்குள் ஏற்றிவிடுகிறார். காட்டின் நிழல் இதமாகத்தான் இருந்தது. இது பசித்தவனுக்கு மூடப்பட்டிருந்த காடு என்பதை அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார்.

அவருடைய ராபின் நிலத்தை இழந்த பிரபு அல்ல. எஜமானர்களே இல்லாத உலகத்துக்காகப் போராடுகிறவன். கடைசியில் கிளர்ச்சி தோற்கிறது, ராபின் சாகிறான். கருத்தை உரக்கச் சொல்லும் இளைஞனின் புத்தகம்தான் அது. பிற்பதிப்பில் அவரே சில இடங்களைத் திருத்தினார். ஆனால் குழந்தைகளுக்குத் தோல்வியைச் சொல்லலாம், அவர்கள் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையை அவர் திருத்தவில்லை. நாவல் சோவியத் நாட்டில் மொழிபெயர்க்கப்பட்டு நன்றாக விற்றது. அந்த வருமானத்தைக் கொண்டு 1935-இல் மனைவியோடு அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவக் கல்விப் பிரிவில் சேர்ந்து இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

நடையிலும் அவர் ஒரு கதவைத் திறந்தார். அதுவரை வரலாற்றுக் கதை மாந்தர்கள் யாரும் பேசாத ஒரு செயற்கைப் பழமை மொழியில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். டிரீஸின் பையன்கள் வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்கள். அதற்காகச் செய்திகளில் அவர் மெத்தனம் காட்டவில்லை, வாசகர்களும் விடவில்லை. ஆல்ஃபிரட் மன்னர் காலத்துக் கதை ஒன்றில் பாத்திரங்களுக்கு முயல் குழம்பு பரிமாறிவிட்டார். விமர்சகர் எவர் கண்ணிலும் படவில்லை. நார்மன்கள் வருமுன் இங்கிலாந்தில் முயலே கிடையாது என்று எழுதித் திருத்தியது ஒரு சிறுவன். அதைப் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டவர் டிரீஸ்.

1998-இல் பாத் நகரில் அவர் காலமானார். பெரும்பாலான நூல்கள் இன்று பழைய கடைகளில்தான் கிடைக்கின்றன. ஏன் மறந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவர் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது என்பதே எனக்குக் கிடைத்த விடை. எளிய வீட்டுப் பிள்ளை நாயகனாவதும், பெண் முன்னே நின்று வழிகாட்டுவதும், பாத்திரங்கள் இயல்பாகப் பேசுவதும் இன்றைய ஆங்கிலச் சிறுவர் நாவலின் அன்றாடமாகிவிட்டன. வழி அமைந்துவிட்டபின் அதில் நடப்பவர்கள் வெட்டியவரைக் கேட்பதில்லை. அது அவருக்கு வெற்றி. நன்றி சொல்ல மறந்தது நம் குறை.

தமிழில் நமக்கு அந்த வழி இன்னும் முழுதாக அமையவில்லை என்பதால்தான் டிரீஸ் எனக்கு முக்கியமாகிறார். சோழர் காலத்துச் சரித்திர நாவலின் நாயகன் வந்தியத்தேவனோடு குதிரையேறி வீராணம் ஏரிக்கரையில் பயணம் செய்த மகிழ்ச்சி எனக்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏரியின் மண்ணைச் சுமந்தவரின் மகளோடு நம் குழந்தைகள் எத்தனை பக்கம் நடந்திருக்கிறார்கள்? தகவலுக்குப் பஞ்சமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயில் பணிக்காக ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதுவரை எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தன் ஊரை விட்டு அந்தப் புதுத் தெருவுக்கு வந்து இறங்கிய முதல் நாளில் ஒருத்தி என்ன நினைத்திருப்பாள்? ஒரு சிறுவர் நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

டிரீஸுக்கு இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் வாய்க்கவில்லை. டிக்கனை அவர் கற்பனையிலிருந்து உண்டாக்கினார். நமக்குப் பெயரும் முகவரியும் கல்லிலேயே கிடைத்திருக்கின்றன. எழுதும் கை உள்ளவர்கள் அந்த நானூறு வாசல்களில் ஏதாவது ஒன்றைத் தட்டவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில், தோல்வியையும் மறைக்காமல் எழுதவேண்டும்.