நாவுலையில் ஓர் அந்திப்பொழுது

சென்ற சித்திரை விடுமுறையில் மாத்தளையினின்று வடக்கு நோக்கிப் புறப்பட்ட நாம், யாழ்ப்பாண வீதியில் தம்புள்ளைக்கு இப்பால் உள்ள நாவுலையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரவு தங்கினோம். கிழக்கே எலஹரைக்குச் செல்லும் பாதை பிரிகின்ற சிற்றூர் இது. அருகிலுள்ள நாலந்தா கெடிகேயைப் பகலிலேயே கண்டு வந்துவிட்டோம். மாமல்லபுரத்தை நினைவூட்டும் அக்கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதவாறு கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது.

அந்தி சாய்ந்ததும் திண்ணையில் பாய் விரித்தார்கள். கடதாசிக் கட்டு வந்தது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே விரும்பும் 304 ஆட்டந்தான். அயல்வீட்டுச் சிங்களப் பெரியவர் நமக்குச் சோடியாக எதிரே அமர்ந்தார். இஸ்பேட்டை அவர் ‘இஸ்கோப்ப’ என்றார். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. பந்தயம் நால்வருக்கும் தேநீர், அவ்வளவே.

இவ்வாட்டத்தில் அரசனும் அரசியும் அற்பர்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதிற்கு 20, ஆசுக்கு 11, பத்திற்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2. எட்டும் ஏழும் வெறுங்கடதாசிகள். ஓரினத்திற்கு 76 ஆக, நான்கினத்திற்கும் 304. ஆளுக்கு எட்டுக் கடதாசி. முதல் நான்கைக் கண்டவுடனேயே கேள்வி கேட்டாக வேண்டும்.

நமக்குக் கிளாவரில் ஜாக்கி, ஒன்பது, ஆசு, ஆட்டினில் ஒன்பது. துணிந்து 200 கேட்டோம். துரும்பைத் திறந்து மூன்று முறை இறக்கியதில் ஏழு துரும்புகள் கழிந்தன. எட்டாவது, கிளாவர் ஏழு, வலப்புறத்தவரிடம் இருந்தது. இனி அந்த ஆட்டின் ஒன்பதை என் செய்வது? ஒன்பதை வெல்வது ஜாக்கி ஒன்றே. முன்னே இறக்கினால் ஜாக்கி கொண்டுபோகும். பின்னே வைத்தால் துரும்பு வெட்டும். இருபது மாணவர்க்கு நாள்தோறும் துணிவைப் பற்றி விரிவுரை நிகழ்த்தும் நாம் அஞ்சினோம். ஜாக்கி வெளிப்படட்டும் என்று காத்திருந்தோம். இதற்குள் வலப்புறத்தவர் தம்மிடமிருந்த ஆட்டின்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்.

எட்டாம் பிடி. வேறு கடதாசி இல்லை, ஒன்பதை இறக்கினோம். வலப்புறத்தவர் கிளாவர் ஏழால் வெட்டினார். அடுத்து நம் சோடி, தம் கையில் எஞ்சியிருந்த ஒரே கடதாசியை மெல்லக் கீழே வைத்தார். ஆட்டின் ஜாக்கி!

ஒரே பிடியில் 50 போயிற்று. எண்ணிப் பார்த்தால் நம் பக்கம் 168. அந்த ஐம்பதும் சேர்ந்திருந்தால் 218.

“எவருக்கு அஞ்சினோமோ அந்த ஜாக்கி உங்களிடமா இருந்தது?” என்றோம்.

“நானும் அந்த ஒன்பது வரட்டும் என்றுதான் வைத்திருந்தேன், மாத்தயா,” என்றார் பெரியவர், தயங்கிய தமிழில்.

தேநீருக்கு நாம் பணம் எடுக்குமுன் அவர் கை மடியை அவிழ்த்துவிட்டது. பாதிப்பாதி என்று பேசி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிற்று. கித்துள் கருப்பட்டி மட்டும் நன்றாயிருந்தது.