சைனா, டேனா, செகன்ட்டா?

இன்டக்ரேஷன் பாடத்தில் பலர் பேனாவைக் கீழே வைக்கும் இடம் ஒன்று உண்டு. வர்க்கமூலத்துக்குள் எக்ஸ்² வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த சப்ஸ்டிட்யூஷன் போடுவது? மூன்று வரி அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பரீட்சை ஹாலில் அதுதான் முதலில் மறக்கும் :-)

அதற்குப் பதில் ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். √(9 − எக்ஸ்²) என்றால் கர்ணம் 3, ஒரு பக்கம் எக்ஸ். ஆகவே எக்ஸ் = 3 சைன் தீட்டா. √(9 + எக்ஸ்²) என்றால் அதுவே கர்ணம். எக்ஸும் 3ம் மற்ற இரண்டு பக்கங்கள். ஆகவே டேன். √(எக்ஸ்² − 9) என்றால் எக்ஸ்தான் கர்ணம். ஆகவே செகன்ட். எல்லாம் நம்ம பழைய பிதாகரஸ்தான்!

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இது தேவைதானா? எக்ஸ்/√(9 − எக்ஸ்²) என்ற கணக்கில் 9 − எக்ஸ்²ஐ யூ என்று வைத்தால் இரண்டே வரி. விடை −√(9 − எக்ஸ்²), கூட ஒரு மாறிலி. மேலே இருக்கும் எக்ஸை எடுத்துவிட்டு 1 போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், அப்போதுதான் சைன். √(9 − எக்ஸ்²)ஐ 0 முதல் 3 வரை கேட்டாலோ, அது ஆரம் 3 உள்ள கால் வட்டம். 9பை/4 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.

சில இடங்களில் இரண்டு வழியும் சரி. 1/√(எக்ஸ்² + 9)க்கு டேன் போட்டால் செகன்ட்டின் இன்டக்ரலில் போய் நிற்போம். அது லேசுப்பட்டதல்ல. மெர்கேட்டர் வரைபடத்துக்காக எட்வர்ட் ரைட் 1599ல் செகன்ட்டுகளைக் கூட்டிக் கூட்டி அட்டவணை போட்டார். அதன் சூத்திரத்தை ஜேம்ஸ் கிரிகரி நிரூபித்தது 1668ல்தான். அதே கணக்கில் எக்ஸ் = 3 ஹைபர்பாலிக் சைன் டீ என்று வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் அடிபட்டு வெறும் 1 மிஞ்சும். இன்டக்ரல் டீ. முடிந்தது.

இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கும் என் சித்தி பெண், "எனக்குக் கணக்கு வராதுண்ணா, வேற கோர்ஸ் மாறிடறேன்" என்கிறாள். அவள் நோட்டைப் பார்த்தேன். சப்ஸ்டிட்யூஷனுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் சரி. முதல் வரி மட்டும் காலி. அதை ஏன் அப்படி எடுத்தோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தீர்வுப் புத்தகங்களும் "எக்ஸ் = 3 சைன் தீட்டா என்க" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்த "என்க"வுக்குக் காரணம் தெரியாமல் ஒரு பெண் படிப்பையே மாற்றப் பார்க்கிறாள்.

ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, விடையை விட்டாலும் பரவாயில்லை, அந்த முக்கோணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.