செஞ்சியைச் சுற்றி வந்தோம்

மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டது ஓர் ஆய்வுக் கட்டுரை. கதைப்பாடல்களைப் பற்றி ஏதேனும் எழுதித் தருக என்றனர். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகக் கதைப்பாடல்களோடு ஈராண்டு மல்லாடியவர் யாம் என்பது துறையினர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் இம்முறை ஏட்டை மூடி வைத்துவிட்டுக் காலால் கற்றதை எழுத விழைகின்றோம். ‘யாம்’ என்பது தமிழாசிரியரை விட்டு நீங்காத பழக்கம். ஓடியது ஒருவர்தாம், மூச்சிரைத்ததும் அவருக்குத்தான்.

எம் ஊர் செஞ்சி. எம் அத்தா கடைவீதியில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே கோட்டைப்பக்கம் நடந்து, வெயில் ஏறுமுன் திரும்பிக் கடை திறப்பது நாற்பதாண்டு வழக்கம். ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பாறைக்கும் ஏரிக்கும் அவரிடம் ஒரு செய்தி உண்டு. 2016இல் செருப்பு வார் உராய்ந்து அவருடைய வலக்காற் பெருவிரலில் ஒரு கொப்புளம் கண்டது. வலிக்கவில்லை. வலிக்காததனால் அவரும் பொருட்படுத்தவில்லை, யாமும் பொருட்படுத்தவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகுதான், சர்க்கரை நோயில் அஞ்ச வேண்டியது வலியை அன்று, வலியின்மையை என்பது எம் வீட்டிற்கு விளங்கிற்று. அன்று முதல் திண்ணை நாற்காலியே அவருக்கு உலகமாயிற்று.

2022இல் அதே நோய் எம்மிடமும் வந்து சேர்ந்தது. வெறும் வயிற்றில் 212. மூன்று மாதச் சராசரி 9.4 விழுக்காடு. எப்போது தொடங்கியதென்றே தெரியாமல் உள்ளே பல்லாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். உழைக்கும் தசை இன்சுலினின் துணை குறைந்த வேளையிலும் குருதியிலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் நடங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள் என்று கூறி, பொருத்தமான காலணியும் பருத்திக் காலுறையும் இன்றி ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாதென எச்சரித்தார். உடலின் மிக நீண்ட நரம்புகளே முதலில் கெடுமாம். அதனால்தான் பாதம் முதலில் மரத்துப்போகிறது.

கல்லூரி வேறூரில். விடுமுறை நாள்களில் செஞ்சி செல்லும்போதெல்லாம் ஓட்டம் எனத் திட்டமிட்டோம். முதல் நாள் பட்ட நாணத்தை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாய் ஊரார் கண்ட உருவம் கால்சட்டையோடு தெருவில் ஓடினால் என்னாகும்? தொழுகை முடிந்து வெளிவந்த பெரியவர் ஒருவர், “என்ன வாத்தியாரே, யாரத் தொரத்துறீங்க?” என்றார். சர்க்கரையை என்றோம். அவர் சிரிக்கவில்லை. “அப்ப நிக்காதீங்க, ஓடுங்க” என்றார்.

முதற்பாதை கடைவீதியிலிருந்து மேற்கே, திருவண்ணாமலைச் சாலையில். சிறிது தொலைவில் சாலை கோட்டைமதிலை ஊடறுத்துக்கொண்டு உள்ளே புகும். வலப்புறம் கிருட்டிணகிரி, இடப்புறம் இராசகிரி, தெற்கே சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் முக்கோணமாய் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்றும், அகழியின் அகலம் 80 அடி என்றும் நூல்கள் கூறும். வகுப்பறையில் இவ்வெண்களைப் பலமுறை சொல்லியிருக்கின்றோம். இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு மதிலோரம் குனிந்து நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்ட அன்றுதான் 13 என்னும் எண் எவ்வளவு பெரிதென்று தெரிந்தது. இவ்வளவு பெரிய முற்றுகைவெளியைச் சூழ்ந்துகொண்டு முகலாயப் படை 1698 வரை எட்டாண்டு காத்துக் கிடந்தது. உள்ளே மராட்டிய மன்னர் இராசாராம் இருந்தார். கோட்டை வீழ்ந்தபோது அவர் ஏற்கெனவே தப்பிச் சென்றிருந்தார்.

நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லும் பகுதிகள் விடியலில் திறந்திரா. ஆகவே எம் ஓட்டமெல்லாம் வெளிப்புறத்ததே. 800 அடி உயர இராசகிரியைக் கீழிருந்து பார்த்தபடி ஓடுவதே எமக்கு வாய்த்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து நிற்கும் பள்ளத்தை மரப்பாலம் ஒன்றால் கடக்க வேண்டும்; பாலத்தை எடுத்துவிட்டால் மேலே உள்ளவரை எவரும் அணுக இயலாது. சிறுவயதில் அத்தாவின் விரலைப் பற்றிக்கொண்டு அதைக் கடந்த நினைவு இன்னும் அடிவயிற்றில் இருக்கிறது. சித்திரை வைகாசியில் அக்கருங்கற் பாறைகள் விடியற்காலையிலும் முந்தைய நாளின் சூட்டை விடாமல் வைத்திருக்கும். அருகே ஓடினால் அடுப்படியில் நிற்பது போலிருக்கும்.

இரண்டாம் பாதை செஞ்சியை ஒட்டிய சிறுகடம்பூருக்கு. அங்குள்ள திருநாதர்குன்றில் ஒரு பெரும் பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரும் இரு வரிசையாய் அமர்ந்திருக்கின்றனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்குண்டு. தமிழ் எழுத்து வளர்ந்த வரலாற்றைக் கற்பிப்போர் அதனைக் குறிப்பிடாமல் செல்லார். நோன்பு மாதத்தில் ஒருநாள் அசருக்குப் பின் மெல்ல நடந்தே அக்குன்றுக்குச் சென்றோம். பன்னிரண்டு மணி நேரப் பசிக்கே யாம் சோர்ந்திருந்தோம். அந்த 57ஐ எண்ணிப் பார்த்துவிட்டு நேரத்தோடு வீடு திரும்பினோம். (சர்க்கரை உடையோர் நோன்பு நோற்பதாயின் மருத்துவரைக் கலந்தே நோற்க வேண்டும், யாமும் அவ்வாறே செய்தோம்.)

மூன்றாவதுதான் எமக்கு மிகவும் உகந்தது: கோட்டையைக் கடந்து காப்புக்காட்டை ஒட்டிச் செல்லும் மண்பாதை. காட்டுக்குள் இசைவின்றி நுழையலாகாது, ஓரத்தோடு ஓடலாம். உசிலையும் வெப்பாலையும் காரையும் சூரையும் அடர்ந்த முட்காடு அது. வெளியூரார் இதனைக் காடென்றே ஏற்கமாட்டார்கள். புரட்டாசி மழை இரண்டு விழட்டும், பிறகு வந்து பாருங்கள்.

ஓட்டம் முடிந்து வீடு திரும்பினால் அத்தாவின் விசாரணை தொடங்கும். “இன்னைக்கு எந்தப் பக்கம்?” பாதையைச் சொல்ல வேண்டும். புளியமரம் நிற்கிறதா, ஏரியில் தண்ணீர் எவ்வளவு, எந்த வரப்பில் மயில் இருந்தது, அனைத்தையும் கேட்பார். எம் கால்களால் அவர் நடந்துகொண்டிருந்தார் என்பதை யாம் உணரச் சில மாதங்கள் ஆயின. ஒருநாள் சோம்பல் மிகுந்து பாதிவழியில் திரும்பிவிட்டு, காட்டோரத்து ஏரிவரை சென்றதாய்ச் சொன்னோம். “தண்ணி எவ்வளவு?” “பாதி இருக்கு அத்தா.” “பாதின்னா மதகுக்கல்லு தெரியுதா, முழுகியிருக்கா?” விழித்தோம். இருபதாண்டு மாணவர்களைக் கேள்வி கேட்டே பழகிய எமக்கு விடை வரவில்லை. அவர் சினக்கவில்லை. “போனா சொல்லு, போகலன்னா போகலன்னு சொல்லு. நான் பாட்டுக்கு அந்த ஏரிய நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்ல” என்றார்.

பெரும்பாலும் பேச்சு தேசிங்கு கதையில் போய் முடியும். 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் சில நூறு குதிரை வீரரோடு களம் புகுந்து மடிந்த இளைஞன் தேசிங்கு. அவனோடு மணப்பந்தலிலிருந்து எழுந்து வந்து உயிர் கொடுத்த நண்பன் ஒரு முகமதியன் என்கிறது கதைப்பாடல். தேசிங்கின் குதிரை பாராசாரி, நண்பனின் குதிரை நீலவேணி. நவாபின் வெற்றிக்குப் பின் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. கல்வெட்டு வென்றவனைப் பேசும், பாடல் தோற்றவனைப் பேசும் என்று எம் ஆய்வேட்டில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். அத்தா அதனைத் தெருக்கூத்தில் கேட்டறிந்தவர். “அந்தப் பக்கமும் நம்ம ஆளு, இந்தப் பக்கமும் நம்ம ஆளு. கூத்து பாக்குற சனம் யாருக்கு அழுதுச்சி? சிநேகிதனுக்காக வந்தானே, அவனுக்குத்தான்” என்பார். எம் ஆய்வேட்டில் இவ்வரி இல்லையே என்னும் குறை இன்றும் உண்டு.

2023 ஐப்பசியில் அந்நிகழ்ச்சி நடந்தது. மழை ஓய்ந்த காலை. காட்டோரப் பாதையில் ஏழு கிலோமீட்டர் ஓடித் திரும்பினோம். அதுவரை ஓடியதில் அதுவே மிகுதி. பெருமிதத்தோடு திண்ணையில் அமர்ந்து காலணியைக் கழற்றினோம். இடக்காலுறையின் அடிப்புறம் சிவந்திருந்தது. வேலிக்கருவேல முள் ஒன்று அடித்தோலைத் துளைத்து ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. எப்போது ஏறியதோ தெரியாது. எமக்கு ஒன்றும் தெரியவில்லை.

அத்தா நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். “காலத் தூக்கி மடியில வை” என்றார். மறுத்தோம். தந்தையின் மடிமீது கால் வைப்பதா? “வைடா” என்றார். நினைவு தெரிந்த நாளாய் அவர் எம்மை ‘டா’ என்றதில்லை; ‘தம்பி’தான். வைத்தோம். ஒருகாலத்தில் சக்கரக் கம்பிகளின் கோட்டம் பார்த்த அக்கைகள் எம் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. விரலிடுக்குகளை விரித்துக் கைவிளக்கடித்துப் பார்த்தார். ஊசியின் பின்முனையால் ஓரோர் இடமாய்த் தொட்டு, “இங்க தெரியுதா? இங்க?” என்றார். குதிகாலில் தெரிந்தது. விரல்களின் அடியில் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொல்ல வாயெடுத்தோம். ஏரித்தண்ணீர் நினைவுக்கு வந்தது. தெரியவில்லை என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தம் வலப்புற வேட்டி மடிப்பை மட்டும் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

அன்றே மருத்துவமனை; முள் எடுத்து, ஊசி போட்டு, மூன்று வாரம் ஓட்டத்திற்கு விடுப்பு. முள் ஏறாத தடித்த அடிப்பாகமுள்ள காலணி வாங்கினோம். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுவதும், கழற்றியபின் கண்ணாடி வைத்து அடிப்பாதம் பார்ப்பதும் நாட்கடமையாயின. செஞ்சியில் இருக்கும் நாள்களில் கண்ணாடி தேவையில்லை, அத்தாவே பார்ப்பார். மூன்று மாதச் சராசரி இப்போது 6.9இல் நிற்கிறது. விரலடி உணர்வு திரும்பவில்லை. காட்டோரம் இப்போது நடை மட்டும், ஓட்டம் தார்ச்சாலையில்.

2025 சூலையில் யுனெசுகோ நிறுவனம் மராட்டியப் படைத்துறை சார்ந்த 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாய் அறிவித்தது. அவற்றுள் மராட்டிய மாநிலத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. செய்தியைப் படித்துக் காட்டியபோது, காலையில் கோட்டைச் சாலையில் நடக்கத் தடை ஏதும் வருமோ என்பதே அத்தாவின் கவலை. அவர் அங்குச் சென்று ஒன்பதாண்டு ஆயிருந்தது.

சென்ற விடுமுறையில் ஆட்டோ அமர்த்தி, கடலியை அடுத்த நீலாம்பூண்டிக்கு அவரை அழைத்துச் சென்றோம். தேசிங்கின் நண்பனும் நீலவேணியும் அடங்கிய இடமென்று ஊரார் காட்டும் தலம் அது. ஊன்றுகோலில் நின்றபடி நண்பனுக்கு ஃபாத்திஹா ஓதினார். குதிரையின் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். திரும்பும் வழியில், கோட்டைச் சாலையில் வண்டியை மெதுவாய் விடச் சொல்லி இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தார். எம் வருணனையில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்தார்.

வீடு வந்து அமர்ந்ததும், “காலக் காட்டு” என்றார்.

“இன்னைக்கு ஓடவே இல்லையே அத்தா, வண்டியிலதான வந்தோம்?”

“அதனால என்ன, காட்டு” என்று கைவிளக்கை எடுத்தார்.