சந்தேகம் நோயாகும்போது

"அவருக்கு என்னில் பாசம் கூட, அதுதான் சந்தேகப்படுகிறார்." குடும்பப் பிணக்குகளோடு எம்மிடம் வரும் பெண்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உறவினரும் இதையே சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். ஆனால் சமூகப் பணியாளராக நான் சந்தித்த சிலரது வீடுகளில் இருந்தது பாசமல்ல; சிகிச்சை தேவைப்படும் ஒரு மனநோய்.

வடபகுதிக் கிராமமொன்றில் நான் சந்தித்த பெண்ணின் கணவர் மேசன் வேலை செய்பவர். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர். காலையில் முற்றத்து மணலைத் தானே கூட்டிவிட்டுப் போவார். மாலையில் வந்து, வேற்று ஆணின் கால்தடம் உண்டா என்று தேடுவார். அவள் தையல் வேலையை விட்டாள். சொந்தத் தம்பியுடன் தொலைபேசியில் கதைப்பதையும் நிறுத்தினாள். அதுவும் குற்றமாயிற்று. "ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி ஏன் நிப்பாட்டினனீ?" என்றார். இறுதியில் அம்மன் கோவிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தாள். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள், பூசகரும் அவளும் சேர்ந்து தன்னை ஏமாற்றுவதாகச் சொல்லி அடித்தார்.

"மிஸ், இன்னும் என்ன செய்தா அவர் என்னை நம்புவார்?" என்று அவள் கேட்டாள்.

எது செய்தாலும் நம்பமாட்டார் என்பதே உண்மை. இதனைப் பிறழ்நம்பிக்கை என்பர். சாதாரண சந்தேகம் ஆதாரத்தைக் கண்டால் தணியும். பிறழ்நம்பிக்கையோ ஒவ்வோர் ஆதாரத்தையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும். மனைவி தவறு செய்தாளா என்று வைத்தியர் ஆராய்வதில்லை. கணவர் எதைக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதையே பார்ப்பார். 1955இல் ஜோன் ரொட், கென்னத் டியூஹர்ஸ்ட் ஆகிய மருத்துவர்கள் இந்நிலையை 'ஒதெல்லோ நோய்க்குறி' என்றழைத்தனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், குற்றமற்ற மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற தளபதியின் பெயர் அது.

நீண்டகால மதுப்பழக்கம், மனச்சிதைவு, முதுமை மறதி என்பவற்றோடு இது வரலாம். பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகளாலும் ஏற்படலாம். பெண்களுக்கும் வருவதுண்டு. கொலை வரை போகக்கூடியது என்பதால், சில வேளைகளில் இருவரும் பிரிந்திருக்கும்படி வைத்தியர்களே ஆலோசனை கூறுவர்.

ஆகவே, முதலில் அவளும் பிள்ளைகளும் தம்பி வீட்டுக்குப் போனார்கள். "எனக்கென்ன விசரோ?" என்று கணவர் கோபப்பட்டார். ஆனால் இரவில் நித்திரை இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். அதையே காரணமாகச் சொல்லி அவருடைய தமையனார் அவரை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றார். மருந்தும் குடியை நிறுத்தியதும் பலன் தந்தன. சில மாதங்களில் சந்தேகம் தணிந்தது. வைத்தியருடன் கதைத்த பின்னரே, தானாக முடிவெடுத்து அவள் வீடு திரும்பினாள். இன்றும் அவர் மாதாந்தம் கிளினிக் போகிறார்.

சந்தேகப்படும் ஆண்கள் எல்லோரும் நோயாளர் அல்லர். மனைவியை அடக்கிவைக்கும் கருவியாகவே சந்தேகத்தைப் பயன்படுத்துவோர் உள்ளனர். எது நோய், எது அடக்குமுறை என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் நோயினால் அடித்தாலும் அடி அடிதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்.

சகோதரிகளே, உங்கள் கற்பை நிரூபிப்பதற்காகத் தொழிலையும் உறவுகளையும் ஒவ்வொன்றாகக் கைவிடாதீர்கள். அதனால் இந்நோய் தணியாது, நீங்கள்தான் தனித்துப்போவீர்கள். தனித்துப்போன பெண்ணுக்கு ஆபத்து வந்தால் ஓடிவர ஆளிருக்காது. மகளிர் உதவிக்கு 1938, மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கங்களை அழையுங்கள். அயலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்காதீர்கள். இந்த நோயில் நெருப்பில்லாமலே புகையும். அந்தப் புகையில் மூச்சுத் திணறுபவள் உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.