உப்புப் போடுவதற்கு முன்

‘உப்பைக் குறையுங்கள்’ என்பது மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகளில் மிகச் சுருக்கமானது. கடைப்பிடிக்கும் இடத்தைப் பொறுத்து மிகச் சிக்கலானதும் அதுவே. சொந்த அடுக்களையில் அது ஒரு கரண்டியின் அளவைப் பற்றிய முடிவு மட்டும். பிறர் சமைத்துப் பரிமாறும் இடங்களில், அதாவது திருமணப் பந்தியில், விடுதி உணவகத்தில், கப்பலில், அந்த முடிவு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. என் தந்தையுடன் மூன்று இரவுகள் கடற்பயணம் சென்று வந்த படங்களை இங்கே இட்டபின், வீட்டில் முதியோரைப் பேணும் நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: அப்பாவின் உணவுக்கு என்ன செய்தீர்கள்? அதற்கான விடையையும், அதைத் தேடியபோது புரிந்துகொண்ட சிலவற்றையும் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். உழைப்பாளர் வரலாற்றில் ஆய்வு செய்பவள். ஆகவே இதில் வரலாறு சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயலின் பாலகாட். தங்கவயலின் சுரங்க வரிசையில் வடகோடியில் இருப்பது. அப்பா பணிபுரிந்தது சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்ட அச்சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பியும் வியர்வை நின்றதில்லை. அவர் பணிக்கு எடுத்துச் சென்ற தூக்குச் சட்டியில் களியும், நிறைய உப்பிட்ட நீராகாரமும் இருக்கும். உப்பு குறைந்த நாளில் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும் என்பது அங்கே இறங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாடம்.

அறிவியல் இதைப் பதிவு செய்தது 1923-இல். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் ஆய்வு செய்த மாஸ் என்பவர், வெப்பத்தில் உழைப்போருக்கு வரும் தசைப்பிடிப்பிற்கு நீரிழப்பு மட்டும் காரணமன்று, வியர்வையோடு வெளியேறும் உப்பும் காரணம் என்று காட்டினார். வெறும் நீரைக் குடித்தவர்கள் துடித்தார்கள். உப்பு கலந்த நீர் அதைத் தணித்தது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை உப்பு வெளியேறக்கூடும். ஒரு பணிநேரத்தில் பல லிட்டர் வியர்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரில் பலரைப் போல அப்பாவும் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருவுக்குச் சென்று காவலாளியாகப் பணியாற்றினார். வியர்வை நின்றது, உப்பு நிற்கவில்லை. நாக்கு பழகியிருந்தது. சில ஆண்டுகளில் இரத்த அழுத்தம், அதன் பின்னர் இதயத் தளர்ச்சி. உறவினர் திருமணம் ஒன்றில் மூன்று வேளைப் பந்தியில் உண்டு திரும்பிய மறுநாள் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ 5 கிராம் உப்பு. அதற்கு மேல் வேண்டாம் என்றார் மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனம் எல்லா வளர்ந்தோருக்கும் சொல்லும் வரம்பும் இதுதான். அதே நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலக மக்கள் சராசரியாக உண்பது இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கிய ஒன்று என்னை நெடுநாள் விடவில்லை. வெப்பத்தில் உழைக்கும் உடல், உப்பை வீணாக்காமல் பிடித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனைச் சுரந்து, சிறுநீரகத்திடமும் வியர்வைச் சுரப்பிகளிடமும் ‘உப்பை விடாதே’ என்று ஆணையிடுகிறது. இதயம் தளர்ந்தவரிடமும் இதே ஆணைதான் பிறக்கிறது. போதிய இரத்தம் வந்து சேராததைக் கண்ட சிறுநீரகம், உடலில் நீரும் உப்பும் குறைந்துவிட்டன என்று தவறாக முடிவு செய்து, இருப்பதையெல்லாம் சேமிக்கத் தொடங்குகிறது. சேர்ந்த உப்பு நீரை இழுக்கிறது. நீர் கால்களிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. ஆழத்தில் அப்பாவைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு, மேலே வந்தபின் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “கல்லுக்குள்ள இருந்தப்போ உப்பைத் தின்னுன்னாங்க. இப்போ கடலைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போயி உப்பைத் தொடாதேன்றியேம்மா” என்றார்.

கடலைப் பார்க்க வேண்டும், அதுவும் கரையிலிருந்து அல்ல, நடுக்கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2022 சூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கப்பட்ட செய்தியைப் பார்த்தது முதல் அது வளர்ந்துகொண்டே வந்தது. வெளிநாட்டில் செவிலியராக இருக்கும் அக்கா செலவை ஏற்றுக்கொண்டார். மருத்துவர் இசைந்தார், உணவு ஒழுங்காக இருக்கும் என்ற நிபந்தனையோடு.

கப்பலில் உப்பு எங்கே இருக்கிறது? மேசை மீதுள்ள உப்புக் குப்பியில் இருப்பது மிகக் குறைவு. கப்பலைச் சூழ்ந்த கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைக் குடிநீராக்கும் பொறிகள் அவ்வுப்பை ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிடுகின்றன. உப்பு நீக்கப்பட்ட நீரில் சமைக்கும் அடுக்களையில்தான் அது திரும்பவும் சேர்க்கப்படுகிறது. ஒரு துண்டு ரொட்டியில் 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900. ஒரு கிண்ணம் சூப்பில் பல நூறு. பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. கேக்கில் இருக்கும் சமையல் சோடாவும் சோடியமே, அது நாவுக்கு உப்பாகத் தெரிவதில்லை. சுவையை நம்பி உப்பை அளக்க முடியாது என்பதே முதல் பாடம்.

வியப்பான மறுபக்கமும் உண்டு. உப்புக் கடலில் வாழும் மீனின் சதையில் உப்பு குறைவு. பெரும்பாலான மீன்களில் 100 கிராமுக்குச் சோடியம் 100 மில்லிகிராமுக்குள்தான். ஒரு முட்டையில் 70 அளவில். உப்பில்லாமல் வடித்த சோற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நம் உணவின் நடுவே உப்பில்லாத ஒரு பெரும் பரப்பு இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. சோறும் எங்கள் ஊர்க் களியும் அப்படிப்பட்டவை. உப்பு வருவது குழம்பிலும் கூட்டிலும் தொடுகறியிலும்தான். 1940-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கெம்ப்னர் என்ற மருத்துவர் மிகை இரத்த அழுத்தத்திற்குச் சோறும் பழமுமே உணவாகக் கொடுத்துப் புகழ்பெற்றார். அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாம். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது காட்டுகிறது.

பயணத்திற்கு மூன்று வாரங்கள் முன்பே கப்பல் நிறுவனத்திற்கு எழுதினேன். ‘உப்புக் குறைவான உணவு’ என்று மட்டும் எழுதினால் சமையலர் தம் கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை குறைப்பார். ஆகவே, உப்பிடாமல் வாட்டிய மீன், உப்பிடாத சோறு, வேகவைத்த காய்கள், அவித்த முட்டை, தயிர், பழம் என்று பொருள்களின் பெயரையே எழுதினேன். ஏறிய முதல் மாலையே தலைமைச் சமையலரைச் சந்திக்க வேண்டினேன். கோவாவைச் சேர்ந்த அவர், “தனியாக ஒரு தட்டு செய்து தருகிறோம், கவலை வேண்டாம்” என்று இந்தியில் சொன்னார். நான் மகிழ்ந்தேன். அப்பாவின் முகம் மாறியது.

தங்கவயல் தமிழர்களில் பெரும்பாலோர் எந்தச் சேரிகளிலிருந்து, எதைவிட்டு விலகி வந்தவர்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முகமாற்றம் விளங்கும். தனித் தட்டும் தனிக் குவளையும் எங்களுக்கு வெறும் சொற்கள் அல்ல. அவருடைய தாத்தா வடஆர்க்காட்டு ஊர் ஒன்றின் தேநீர்க் கடை வாசலில் விட்டுவந்தது அது. “ஊரே உக்காந்து சாப்பிடற எடத்துல எனக்கு மட்டும் வேற தட்டு வேணாம்மா” என்றார் அப்பா. சமையலருக்கு இந்த வரலாறு தெரிய வழியில்லை. அவர் சொன்னது அன்பினால்தான். ஆனால் பத்திய உணவு ஏன் இத்தனை வீடுகளில் தோற்கிறது என்பது எனக்கு அப்போது புரிந்தது. உப்பைவிட, உடன் உண்பதை இழப்பதே கடினம். பந்தியில் இலை ஓரத்தில் முதலில் உப்பை வைக்கும் மரபு கொண்டவர்கள் நாம். ‘உனக்கு மட்டும் இல்லை’ என்பது அங்கே சுவையைப் பற்றிய செய்தியாக மட்டும் கேட்காது.

சமையலரிடம் மீண்டும் போய், வேண்டுகோளை மாற்றினேன். தனியாகச் சமைக்க வேண்டாம். எல்லாருக்கும் சமைக்கும் அதே பருப்பிலும் அதே காயிலும் உப்புப் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் போதும். அவருக்கும் இது எளிதாயிற்று. மசாலாக் கலவைகளில் முன்பே உப்பு சேர்ந்திருப்பதால் சில குழம்புகளில் முடியாது என்று நேர்மையாகச் சொன்னார், அவற்றை விட்டுவிட்டோம். நானும் அப்பாவின் கிண்ணத்திலிருந்தே பரிமாறிக்கொண்டு, என் தட்டில் மட்டும் சிறிது உப்பைத் தூவிக்கொண்டேன். ஒரே பாத்திரம், ஒரே தட்டு வகை, ஒரே மேசை. எலுமிச்சை, வறுத்த சீரகப்பொடி, மிளகுத்தூள், பூண்டு ஆகியவை உப்பின் வேலையில் பாதியைச் செய்தன. காலையில் முட்டை, பால், பழம், நண்பகலில் சோறு, பருப்பு, தயிர், இரவில் மீன். என் கணக்கில் ஒரு நாளும் 1,800 மில்லிகிராமைத் தாண்டவில்லை. சிறிய எடைபார்க்கும் கருவியொன்றை எடுத்துச் சென்று நாள்தோறும் காலையில் எடை பார்த்தோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கப்பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. கூடவில்லை.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, கடல் ஒவ்வாமையால் வாந்தி எடுத்தால் எல்லாரும் உப்புச் சர்க்கரைக் கரைசலை நீட்டுவார்கள். அதன் ஒரு லிட்டரில் 1,700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. அதே வேளையில், நீர் மாத்திரை உண்பவர் வாந்தியால் உப்பை இழப்பதும் ஆபத்தே. எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நுரைக்கும் செரிமானத் தூள்களும் சோடியம் நிறைந்தவை. இரண்டாவது, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் சில இதய மருந்துகள் உண்பவர்களுக்கும் அது பொட்டாசியத்தை அபாய அளவுக்கு உயர்த்தக்கூடும். மூன்றாவது, குறைவே எப்போதும் நன்று என்றும் எண்ண வேண்டாம். இதயத் தளர்ச்சியுள்ள 806 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், 1,500 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கும் முயற்சி இறப்பையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ தெளிவாகக் குறைக்கவில்லை. வாழ்க்கைத் தரம் மட்டும் சற்று மேம்பட்டது. அளவைத் தாண்டாதிருப்பதே நோக்கம், தண்டிப்பதன்று. ஊடலைப் பற்றிப் பேச வந்த வள்ளுவரும் உவமைக்கு எடுத்துக்கொண்டது உப்பின் அளவைத்தான்.

வேண்டுகோள் ஒன்றுதான். பெற்றோரைக் கருத்தரங்கிற்கோ பட்டமளிப்பு விழாவிற்கோ அழைத்துச் செல்லும் மாணவர்களும், விடுதி உணவகத்தை நடத்தும் பொறுப்பிலுள்ள ஆசிரியர்களும் இதைக் கவனிக்கலாம். உப்பு குறைந்த உணவுக்கு இன்னொரு அடுக்களை தேவையில்லை. உப்பிடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்ல ஒருவர் போதும், கேட்க ஒருவர் போதும். பாலகாட்டில் எங்கள் வீட்டில் இப்போது குழம்பு அப்படித்தான் இறக்கப்படுகிறது. உப்பு வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்கிறோம். அடுத்த மாதம் உறவில் ஒரு திருமணம். சமையல்காரரிடம் பேசிவிட்டேன், அப்பா பந்தியிலேயே உட்காருவார்.